காரைப் பார்க்கும் முன் வீட்டு எர்த்தைப் பாருங்கள்

திருப்பூர் காங்கயம் ரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"ஐயா, வணக்கமுங்க. அவினாசியில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். போக வர 36 கிலோமீட்டர். மாதம் இரண்டு தடவை கோயம்புத்தூர், ஒரு தடவை தாராபுரம் பக்கம் அம்மா ஊர். வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ஊட்டி. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை. டாடா டியாகோ இ.வி. என்ற மின்சாரக் காரை ஷோரூமில் போய்ப் பார்த்தேன், பிடித்திருக்கிறது. சின்ன பேட்டரி போதுமா, பெரிய பேட்டரி வேண்டுமா? வீட்டுக் கரண்ட் தாங்குமா? ஐந்து வருடத்தில் பேட்டரி போய்விடும், பழைய இரும்புக் கடைக்குத்தான் போடணும் என்கிறார் மாமனார். டெஸ்ட் டிரைவில் எதைப் பார்க்க வேண்டும்?"

வணக்கம். நீங்கள் கேட்டதில் எல்லாவற்றையும் முடிவு செய்வது "வீட்டுக் கரண்ட் தாங்குமா" என்ற கேள்விதான். அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். கார் பிடித்துப்போய் முன்பணம் கட்டி, வண்டி வாசலுக்கு வந்த பிறகு சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது என்று கூப்பிடுகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். பத்தில் எட்டு இடங்களில் காரிலும் சார்ஜரிலும் பழுது இருக்காது. வீட்டில் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, சரியில்லாததுதான் காரணமாக இருக்கும்.

காருடன் தரும் சாதாரண சார்ஜர் 15 ஆம்ப் சாக்கெட்டில் செருகுவது. சுமார் 3.3 கிலோவாட், அதாவது 14 ஆம்ப் அளவுக்கு இடைவிடாமல் எட்டு மணி நேரம் இழுக்கும். வீட்டில் வேறு எதுவும் இப்படி இழுப்பதில்லை. ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்ப் இழுத்து, அறை குளிர்ந்ததும் ஓய்ந்துவிடும். வாட்டர் ஹீட்டர் பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடும். கார் சார்ஜர் ராத்திரி முழுக்க ஓடும். வயர் மெலிதாக இருந்தாலும், சாக்கெட்டுக்குள் ஒரு திருகாணி லூசாக இருந்தாலும் அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் பழுத்து, பிளக்கின் பின் சாக்கெட்டில் ஒட்டிக்கொண்டுவிடும். கிரைண்டர் ஓடுகிற சாக்கெட் காருக்கும் ஓடும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. மீட்டர் போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தூரம் 25 மீட்டரைத் தாண்டினால் 6. எர்த் வயரும் அதே தடிமன். லோடு மிஞ்சினால் அணைக்கும் 20 ஆம்ப் எம்.சி.பி. சுவிட்ச் ஒன்று, கரண்ட் கசிந்தால் அணைக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்று. ஆர்.சி.சி.பி.யில் 'ஏ' டைப் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாக எடுத்துத் தருவது 'ஏசி' டைப்பாக இருக்கும், அது கார் சார்ஜரின் கசிவைச் சரியாகப் பிடிக்காது. சாக்கெட் 16 ஆம்ப் ஐ.எஸ்.ஐ. மார்க் உள்ளதாக, மழைச்சாரல் படாத மூடியோடு இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சார்ஜர் டப்பாவுக்குச் சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டுங்கள். டப்பா ஒயரில் தொங்கினால் அந்த எடை பிளக்கை மெல்ல மெல்லக் கீழே இழுத்துப் பின்னை லூசாக்கும். முதல் வாரம் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை எடுக்கத் தோன்றும் சூடு இருந்தால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சாக்கெட் திருகாணிகளை முடுக்கச் சொல்லுங்கள்.

இனி எர்த். காங்கயம், பல்லடம், தாராபுரம் பக்கத்து மண் பெரும்பாலும் சரளையும் சுக்கான் பாறையும். மழையும் குறைவு. சித்திரையில் மண் காய்ந்துவிட்டால் எர்த்தின் தடை எகிறிவிடும். கார்த்திகையில் ஒழுங்காக ஏறிய சார்ஜர் ஏப்ரலில் அடம்பிடிப்பது இதனால்தான். எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரோடு வந்து, புதுச் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்க்கட்டும். சும்மா இருக்கும்போது பார்த்தால் போதாது. மோட்டாரும் ஹீட்டரும் ஓடும்போது பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஐந்தைத் தாண்டினால் எர்த்தோ நியூட்ரலோ சரியில்லை. எர்த் டெஸ்டர் வைத்திருப்பவர் கிடைத்தால் தடையையும் அளந்துவிடலாம், 5 ஓமுக்குள் வர வேண்டும்.

பழைய எர்த் குழி செத்திருந்தால் புதிதாக ஒன்று போடுங்கள். எட்டு, பத்தடி ஆழத்துக்கு ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போடுவது பழைய முறை, இன்றைக்கும் வேலை செய்யும். உப்பு கரைந்து போவதால் சில வருடத்துக்கொரு முறை நிரப்ப வேண்டும். பென்டோனைட் களிமண்ணோடு செம்பு பூசிய கம்பி இறக்கும் கெமிக்கல் எர்த்திங் கூடுதல் செலவு, ஆனால் காய்ந்த மண்ணுக்கு அதுதான் பொருத்தம். நான்கடியில் பாறை தட்டினால் ஒரே குழியில் மல்லுக்கட்ட வேண்டாம். பத்தடி இடைவெளியில் இரண்டு கம்பி இறக்கி இணைத்துவிடலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு டியூப் வைத்து எர்த் குழிக்குத் திருப்பிவிடுங்கள். கோடையில் எப்போது ஏசி ஓடுகிறதோ அப்போதுதான் குழிக்கும் ஈரம் தேவை.

மீட்டர் அட்டையில் உங்களுக்கு அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். சிங்கிள் பேஸ் இணைப்பாக இருந்தால் சார்ஜர், ஏசி, மோட்டார் மூன்றும் ஒன்றாக ஓடும்போது தாங்காது. த்ரீ பேஸுக்கு எழுதிக் கொடுத்து மாற்றுவது நல்லது. த்ரீ பேஸ் இருந்தால் லோடு குறைந்த பேஸில் காரைக் கொடுங்கள். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெரிய சார்ஜர் வாங்கலாமா என்று ஷோரூமில் கேட்பார்கள். அது ஒரே பேஸில் 32 ஆம்ப் இழுக்கும். தினம் 36 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது தேவையில்லை. உங்கள் அன்றாட ஓட்டத்துக்குச் சாதாரண சார்ஜரில் ஒன்றரை மணி நேரம் போதும். தறியும் மோட்டாரும் ஓடும் பகுதிகளில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி சார்ஜர் நின்று நின்று ஓடும். இரவு பதினொரு மணிக்கு மேல் போடுங்கள்.

கரண்ட் பில் கணக்கு. நீங்கள் சொன்ன ஓட்டத்தைக் கூட்டினால் மாதம் 1,250 கிலோமீட்டர் வருகிறது, இரண்டு மாதத்துக்கு 2,500. சார்ஜரில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஏழரை கிலோமீட்டர் என்று வையுங்கள். ஆக 330 யூனிட்டுக்குச் சற்று மேல். உங்கள் வீடு இப்போது 380 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 700-ஐத் தாண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான சலுகை விலை போய்விடும். 500-க்கு மேல் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், 600-க்கு மேல் ஒன்பது ரூபாய்க்கு மேல். எல்லாம் சேர்த்தாலும் காரால் கூடும் பில் இரண்டு மாதத்துக்கு மூவாயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் இருபது பைசாவுக்குள். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் இதே ஓட்டத்துக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் குடிக்கும். வருடத்துக்கு எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். தினம் பத்து, பதினைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் வாங்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். காரின் கூடுதல் விலையை எடுக்க அவருக்கு ஒன்பது பத்து வருடம் ஆகும்.

இப்போது பேட்டரி. 2022 செப்டம்பரில் இந்தக் கார் வந்தபோதே 19.2, 24 கிலோவாட்-மணி என்று இரண்டு அளவுகளில் வந்தது. ஒரு கிலோவாட்-மணி என்பது கரண்ட் பில்லின் ஒரு யூனிட்தான். அப்போது அறிவித்த தூரம் 250, 315 கிலோமீட்டர். அது சோதனைக்கூடத்துக் கணக்கு. ஏசி போட்டு நம் ஊர் ரோட்டில் ஓட்டினால் பெரியது 200-ஐ ஒட்டியும், சின்னது 150-ஐ ஒட்டியும் தரும். தினசரிக்குச் சின்னதே ஏராளம். ஆனால் கோயம்புத்தூர் போய்த் திரும்ப, அங்கே நாலு இடம் சுற்ற 130 கிலோமீட்டர் ஆகும். பாதிக்கு மேல் பைபாஸ்.

அதோடு காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அவினாசியிலிருந்து கோவை போகும்போது நேர் எதிரே அடிக்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று. 80 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் போக, 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிரே வந்தால் கார் 110 வேகத்துக் காற்றைக் கிழிக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திரும்பி வரும்போது பின்காற்று கொஞ்சம் ஈடுகட்டும், முழுதும் அல்ல. சின்ன பேட்டரியில் அந்த நாளில் கோவையில் சார்ஜர் தேடி நிற்க வேண்டியிருக்கும். பெரியதே எடுங்கள். மோட்டாரும் அதில் வலுவானது. சின்னதில் 61 குதிரைத்திறன், பெரியதில் 75.

ஊட்டிக்கும் இதே காரணம். நான்கு பேரும் பெட்டிகளும் சேர்ந்தால் கார் ஒன்றரை டன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை அந்த எடையை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் தூக்க வேண்டும். தூக்குவதற்கு மட்டும் சுமார் 7.8 யூனிட். மோட்டாரின் இழப்பையும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்தையும் சேர்த்தால் 13 யூனிட்டை எட்டும். பேட்டரியில் பாதிக்கு மேல். திருப்பூரிலிருந்து அவினாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வரவே ஆறு, ஆறரை யூனிட் போயிருக்கும். கணக்குப்படி ஊட்டி போய்ச் சேரும்போது நாலு யூனிட் மிச்சம் இருக்க வேண்டும். அதை நம்பிக் குழந்தைகளோடு மலை ஏறக் கூடாது. மேட்டுப்பாளையத்தில் டிபன் சாப்பிடும் நேரத்தில் அரை மணி வேகச் சார்ஜ் போட்டுவிடுங்கள், ஏழெட்டு யூனிட் ஏறிவிடும். 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற இந்தக் காருக்கு ஒரு மணி நேரம் ஆகும். பெரிய சார்ஜரில் செருகினாலும் கார் தன் அளவுக்கு மேல் வாங்காது.

இறங்கும்போது ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். ஊட்டியில் தங்கும் இடத்தில் 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால், சரிவில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்கப் பேட்டரியில் இடம் இருக்காது. ரீஜென், அதாவது மோட்டாரே மின்சாரம் எடுத்து வேகத்தைக் குறைப்பது, பிடிக்காது, காலால் அழுத்தும் பிரேக்கே எல்லாச் சுமையையும் தாங்கிச் சூடாகும். பாதிக்கு மேல் இருந்தால் போதும், 80-ஐத் தாண்டாமல் இறங்குங்கள். ரீஜென் 3-ஆம் நிலையில் இருக்கட்டும். நிதானமாக வந்தால் கீழே சேரும்போது, ஊட்டியில் கிளம்பியபோது இருந்ததை விடப் பத்துச் சதவீதம் கூடியே இருக்கும்.

டெஸ்ட் டிரைவுக்கு வருகிறேன். ஷோரூமில் சமதளத்தில் மூன்று கிலோமீட்டர் சுற்றிக் காட்டுவார்கள். ஸ்போர்ட் மோடில் ஒரு அழுத்து அழுத்தச் சொல்வார்கள், கார் சத்தமில்லாமல் பாயும், எல்லோருக்கும் பிடித்துவிடும். அந்தப் பாய்ச்சல் எண்பது வேகம் வரைதான். அதற்கு மேல் இழுவை மெலியும். பைபாஸில் பஸ்ஸை முந்தும்போது அதை நினைவில் வையுங்கள். நீங்கள் மத்தியான வெயிலில் போங்கள், வீட்டில் நான்கு பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், பதினைந்து கிலோமீட்டராவது கேளுங்கள். கிளம்பும்போது பேட்டரி சதவீதத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொண்டு, திரும்பியதும் கழித்துப் பாருங்கள். 15 கிலோமீட்டருக்கு 7 சதவீதம் குறைந்திருந்தால் முழுச் சார்ஜில் 210 கிலோமீட்டர் ஓடும் கணக்கு. மீட்டரில் "இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகும்" என்று காட்டுவதைப் பார்க்காதீர்கள். அது முன்னால் ஓட்டியவரின் கால் எப்படி என்பதைத்தான் சொல்கிறது.

கியருக்குப் பதில் ஒரு திருகு குமிழ் இருக்கும். இந்தக் காரில் குறை என்று சொன்னால் முதலில் இதைத்தான் சொல்வேன். 'ஆர்'-இலிருந்து 'டி'-க்குத் திருப்பினால் உடனே ஏற்காது, ஒரு கணம் யோசிக்கும். குறுகிய சந்தில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது, முன்னால் போகும் என்று நினைத்து அழுத்தினால் கார் பின்னால் போகலாம். பிரேக்கை அழுத்தி முழுதாக நிறுத்தி, குமிழைத் திருப்பி, மீட்டரில் 'டி' என்று வந்த பிறகே காலை எடுங்கள். டெஸ்ட் டிரைவிலேயே மூன்று புள்ளித் திருப்பம் இரண்டு முறை செய்து கையைப் பழக்குங்கள்.

முழு ஆளோடு ஒரு பெரிய வேகத்தடையில் ஏறி, அடி தட்டுகிறதா என்று கேளுங்கள். பின் சீட்டில் உங்கள் மாமனாரை உட்கார வைத்து முழங்காலுக்கு இடம் பாருங்கள். டிக்கியைத் திறந்தால் 240 லிட்டர் இடம் இருக்கும், ஸ்டெப்னி இருக்காது. அது இருக்க வேண்டிய பள்ளத்தைப் பேட்டரி எடுத்துக்கொண்டது. பஞ்சர் கிட் தருவார்கள். ஆணி குத்தினால் அது கைகொடுக்கும், பக்கவாட்டில் கிழிந்தால் கொடுக்காது. தாராபுரம் ரோட்டில் இருட்டில் நிற்காமல் இருக்க, 12 வோல்ட்டில் ஓடும் காற்றடிக்கும் பம்ப் ஒன்றையும் ரோடு அசிஸ்டன்ஸ் எண்ணையும் காரிலேயே வைத்திருங்கள்.

எம்.ஜி. காமெட்டையும் ஒரு முறை பார்க்கலாமா என்று தோன்றலாம். ஊருக்குள் நிறுத்த, திருப்ப அதைப்போல் சுகமான கார் இல்லை. ஆனால் இரண்டே கதவு, 12 அங்குலச் சக்கரம், 17.3 கிலோவாட்-மணி பேட்டரி, வெளியே நிலையங்களில் போடும் டி.சி. வேகச் சார்ஜும் கிடையாது. உங்கள் கோவைப் பயணத்துக்கும் ஊட்டிக்கும் அது ஒத்துவராது.

மாமனாரின் கவலை நியாயமானதுதான். பழைய ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பார்த்தவர் அப்படித்தான் சொல்வார். அவற்றில் பல ஈய பேட்டரிகள். இதில் இருப்பது எல்.எஃப்.பி. எனும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, திரவக் குளிர்ச்சி உண்டு. இந்த வகைச் செல்கள் இரண்டாயிரம் முழுச் சுற்றுகளைத் தாங்கக் கூடியவை. முழுதாக நிரம்பி முழுதாகத் தீர்வது ஒரு சுற்று. நீங்கள் வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் எழுபத்தைந்து சுற்றுதான் ஆகும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி உண்டு. அதன் நிபந்தனைகளை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், குறிப்பாகச் சர்வீஸ் தவறினால் என்ன, கார் கைமாறினால் என்ன என்ற வரிகளை. பேட்டரியைக் கெடுப்பது ஓட்டத்தைவிடச் சூடு. தகர ஷெட்டுக்கு அடியில் 100 சதவீதம் நிரப்பி நாள் கணக்கில் நிறுத்தாதீர்கள். அதே சமயம் மாதம் ஒன்றிரண்டு முறை வீட்டுச் சார்ஜரில் 100 வரை நிரப்பியே ஆக வேண்டும். எல்.எஃப்.பி. செல்களில் வோல்டேஜ் நடுப்பகுதி முழுக்க ஒரே மட்டமாக இருப்பதால், கம்ப்யூட்டருக்கு மீதி எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிவது மேல் முனையில்தான். நிரப்பாமலே ஓட்டினால் 18 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த மீட்டர் திடீரென்று ஒற்றை இலக்கத்துக்கு விழும்.

பெரிய பேட்டரி நன்றாக இருந்தும் கார் எழாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. ஊருக்குப் போய் இரண்டு வாரம் நிறுத்தினால் அது இறங்கிவிடும். அம்மா ஊரில் தோட்டத்து வீட்டில் நிறுத்தும்போது எலியையும் கவனியுங்கள். ஒரு வயரைக் கடித்தாலே கார் கிளம்பாது. ஆரஞ்சு நிறக் கேபிளை உள்ளூர் மெக்கானிக் யாரும் தொடக் கூடாது, அதில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் மின்சாரக் கார்களுக்கான 15 சதவீதத் தள்ளுபடி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், 2022 ஜூன் முதல் உண்டு. பேட்டரியில் தண்ணீர் புகுந்தால் ஈடு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பேட்டரிக்கு அவர்கள் சொல்லும் ஐ.பி.67 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் சோதனை. சுரங்கப்பாலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கலாம் என்ற அனுமதி அல்ல. சாலை வரிச் சலுகை இப்போது எந்தத் தேதி வரை என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு விலைப்பட்டியலைச் சரிபாருங்கள்.

எலக்ட்ரீஷியனை இந்த ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லுங்கள். எர்த்தும் லைனும் முடிந்த பிறகு முன்பணம் கட்டுங்கள். டெலிவரி நாளில் ஷோரூம் சாக்கெட்டில் உங்கள் காரின் சார்ஜரையே செருகிப் பத்து நிமிடம் ஏறுவதைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். அங்கே ஏறி வீட்டில் ஏறவில்லை என்றால் பழுது சுவரில், அங்கேயே ஏறவில்லை என்றால் பழுது டப்பாவில்.